வாசலைப் பார்க்கும் கண்கள்

ஒன்பது நாட்களாக அந்தக் கேன்வாஸ் பலகை வெறுமையாகவே நின்றது.

"தை அமாவாசைக்குள்ள உங்க அண்ணன் படத்த வரைஞ்சு குடுத்துரு தாயி" என்று முனியசாமி சொன்னது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். சொன்ன கையோடு மிளகாய்க் கொல்லைக்குப் போய்விட்டார். மகள் உமாமகேஸ்வரி ஏற்கெனவே கழுவிய தூரிகையை மறுபடியும் கழுவினாள். அடுப்படியில் நின்ற மருமகள் மாலதியின் காதில் அது விழுந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று சோறு மட்டும் கொஞ்சம் குழைந்திருந்தது.

அந்த வீட்டில் படம் என்றால் ஒரே அர்த்தம்தான். பெரிய அறையின் வடக்குச் சுவரில் அம்மா பூமயிலின் படம் இருக்கிறது. உமா வரைந்ததுதான். அதற்கு இடப்பக்கம், முழம் போட்டு அளந்ததுபோல், முனியசாமி ஓர் ஆணியை அடித்து வைத்திருந்தார்.

மகன் பிரபாகரன் வீட்டை விட்டுப் போய் இந்த மார்கழியோடு ஏழு வருடம். கொல்லையில் அவன் ஆசையாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்தது. "நீ தோண்டுனது கெணறு இல்லலே. என் குடும்பத்துக்குக் குழி" என்றார் முனியசாமி. அவன் மனைவி மாலதியின் முன்னால் வைத்துச் சொன்னார். மறுநாள் காலை மோட்டாரைப் பழுது பார்க்க ராமநாதபுரம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன்தான்.

ஏழு வருடம் ஆளைக் காணவில்லை என்றால் இறந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று யாரோ ஒரு வக்கீல் அவரிடம் சொல்லியிருந்தார். படம் சுவரில் ஏறினால் மாலதியின் நெற்றிப் பொட்டு இறங்கும். இதை மட்டும் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

*

புத்தாண்டு பிறந்து இரண்டாம் நாள். விடிந்தும் விடியாத நேரம். உமா திருப்புல்லாணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அவள் வாக்கப்பட்டது அங்கே. படம் வரைகிற இடம் மட்டும் பிறந்த வீட்டின் பழைய மாட்டுத் தொழுவம்.

முனியசாமி குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு வந்து நின்றார். நாளை ஆருத்ரா தரிசனம். உத்தரகோசமங்கையில் இன்று மரகத நடராஜருக்குச் சந்தனம் களைகிற நாள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார், பலகையைப் பார்க்காமலே.

"இன்னைக்கி ஆரம்பிக்கிறேன். அரை மணி நேரம் இந்த ஸ்டூல்ல உக்காருங்கய்யா."

"நானா? படம் எனக்கில்லம்மா. எனக்கு இன்னுங் கொஞ்ச நாள் கெடக்கு."

"தெரியும். உக்காருங்க."

உட்கார்ந்தார். காப்பி டம்ளரோடு வந்த மாலதி, மாமனார் விறைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அசையாதீக மாமா. மூக்கு கோணிறப் போவுது."

"எங்க வம்சத்து மூக்கே கோணல்தான் ஆத்தா. புதுசா என்னத்தக் கோணப் போவுது?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோனது.

"கைவசம் இருக்கிறது கல்யாணப் போட்டோதான்யா" என்றாள் உமா. "அதுல அண்ணனுக்கு இருவத்தேழு வயசு. இப்ப நாப்பத்தொண்ணு. உங்க மொகத்தப் பாத்தாத்தான் மிச்சத்தப் புடிக்க முடியும்."

"போனவனுக்கு ஏதும்மா வயசு? போன அன்னைக்கி என்ன வயசோ அதுதான்."

"எப்பப் போனாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முனியசாமி கை நீட்டிக் காப்பியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். மாலதி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உமா கரிக்கோலால் கோடு இழுக்கத் தொடங்கினாள். அய்யாவின் எழுபது வயதிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். கல்யாணப் போட்டோவிலிருந்து முன்னோக்கிப் போக வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் அண்ணன் இருப்பான். நெற்றி இரு ஓரமும் ஏறியிருக்கும். வாயோரம் ஒரு மடிப்பு விழத் தொடங்கியிருக்கும். காது மடலை வெயில் கருக்கியிருக்கும். புருவம் மட்டும் மாறாது. அந்த வீட்டு ஆண்களுக்குப் புருவம் வரப்பு வெட்டியதுபோல் நேராக, முழுசாக இருக்கும்.

"ஆச்சா?" என்றார் முனியசாமி. கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்தால் அசைந்ததாகிவிடும் என்று அப்படியே விட்டிருந்தார்.

*

உமாவின் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இருபது வயதில் அவள் எழுதியது கடைப் போர்டுகள். உரக்கடை, அரிசி ஆலை, பள்ளிக்கூடத் திருக்குறள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை நின்றது. அவள் ரொம்ப வருத்தப்படவில்லை. ஏணியில் நின்றால் தலை சுற்றுகிற ஆள் அவள். அப்போதுதான் ஒருவர் தன் தகப்பனின் படத்தைப் பெரிதாக வரைந்து தரச் சொல்லி வந்தார். அதிலிருந்து அபிராமம், பரமக்குடி வரை அவள் பெயர் போயிற்று. இறந்தவர்களை வரைகிற பொம்பளை.

ஆதார் அட்டை நகலைக் கொண்டுவருவார்கள். கல்யாண வீட்டுக் கும்பல் போட்டோவில் ஓரமாக நிற்கிற அரை முகத்தைக் காட்டுவார்கள். சிலரிடம் ஒரு படம்கூட இருக்காது. பாடையில் கிடத்திய பிறகு செல்போனில் எடுத்ததுதான் இருக்கும். உமா அந்த மூக்குப் பஞ்சை எடுத்துவிடுவாள். தாடைக்கட்டை அவிழ்ப்பாள். கிழிந்த பனியனுக்குப் பதில் வெள்ளைச் சட்டை போடுவாள். கடைசியாகக் கண்ணைத் திறப்பாள். அந்தக் கண் நேராகப் பார்க்க வேண்டும். அதுதான் தொழில் வழக்கம். வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் "அப்பா என்னையவே பாக்குறாரு" என்று பிள்ளைகள் அழ வேண்டும். அழுதால்தான் படம் சரி.

ஆரம்பத்தில் கண் திறக்குமுன் ஒரு துண்டு சூடம் ஏற்றுவாள். அண்ணன் போன வருடம் ஒருநாள் மறந்துபோனாள். அடுத்த படத்துக்கு ஞாபகம் இருந்தும் ஏற்றவில்லை. சூடம் இல்லாமலும் கண்கள் திறந்தன. அதுதான் அவளுக்குப் பெரிய இடியாக இருந்தது.

போன மாதம் புதிதாக ஒரு வேலை வந்தது. மண்டபத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கடலோரச் சுவரில் ஆவுளியா வரைய வேண்டும். கடல்பசு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்களே, அதுதான். உமா சம்மதித்தாள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை வேலை முடிந்தது. தாய் ஆவுளியா, குட்டி, கடற்புல், சுற்றிலும் மீன்கள். மெஹருன்னிசா டீச்சர் தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு உமா. ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கப்புடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"இந்த மீனெல்லாம் ஏன் நம்மளையே பாக்குது? உசுரோட இருக்கிற மீனு, அது போற எடத்தையில்ல பாக்கும்?"

உமா சுவரைப் பார்த்தாள். அத்தனை கண்களும் நேராகப் பார்த்தன. பூமாலை ஒன்றுதான் பாக்கி.

வெளிச்சம் போவதற்குள் எல்லாக் கண்களையும் திருப்பி வரைந்தாள். பாம்பன் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குட்டியின் கண்ணைத் தாயை நோக்கித் திருப்பியபோது, பல வருடங்களுக்குப் பிறகு, பையில் ஒரு துண்டு சூடம் இருக்கிறதா என்று அவள் கை தேடியது. இல்லை. ஆனால் தேடியது.

*

கோயிலில் கூட்டம் நெரிந்தது. காலையிலேயே சந்தனம் களைந்து அபிஷேகமும் ஆகியிருந்தது. வரிசை பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. முனியசாமிக்கு மூச்சு வாங்கியது. மாலதி தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"ஏத்தா, கொஞ்சம் நகந்து நிக்கிறது" என்றாள் பின்னால் நின்ற ஒரு அம்மாள்.

"நகந்தா முன்னால இருக்கிறவுக முதுகுலதான் ஏறணும். சாமி ஓடிறவா போறாரு?" என்றாள் மாலதி.

"இன்னைக்கி விட்டா ஒரு வருசம்ல ஆயிருது. அதான்."

முனியசாமி அதைப் பிடித்துக்கொண்டார். "நெசந்தான். முந்நூத்திச் சொச்சம் நாளு சந்தனத்துக்குள்ள. இன்னைக்கி ஒரு நாளுதான் நெச உருவம்."

"ஏன் மாமா, மத்த நாளுல சாமி உள்ள இல்லேன்னு யாராச்சும் சொல்றாகளா?"

அவர் மருமகளின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்நிதிக்கு முன்னால் நிற்கக் கிடைத்தது சில நொடிகள்தான். உமா கும்பிடப் போகவில்லை, பார்க்கத்தான் போனாள். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். ஆனாலும் தீபம் உயர்ந்தபோது அந்தப் பச்சை உள்ளேயிருந்து வந்தது. அப்படி ஒரு பச்சை அவள் பெட்டியில் இல்லை. எந்த இரண்டு நிறத்தைக் கலந்தாலும் வராது. நாளை விடிந்தால் மறுபடி சந்தனம் மூடிவிடும். மூடிய பிறகும் இந்தப் பச்சை இப்படியேதான் இருக்கும். இவ்வளவுதான் அவள் நினைத்தாள். கைகள் எப்போது குவிந்தன என்று கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் முனியசாமி களைந்த சந்தனத்தில் கொஞ்சம் வாங்கி இலையில் மடித்துக்கொண்டார். பிறகு பூக்கடைக்குப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கினார். யாருக்கு என்று இருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார். தண்ணீர் தெளித்த மாலை. வேட்டி நனைந்துகொண்டே இருந்தது.

*

மூன்று மணிக்குத் திரும்பி வந்த உமா, விளக்கு வைக்கும் வரை ஒரே ஒரு தடவைதான் தொழுவத்தை விட்டு வெளியே வந்தாள்.

வெள்ளைச் சட்டை போடவில்லை. அண்ணனுக்குப் பிடித்த நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல் பொத்தானைத் திறந்தே விட்டாள். நெற்றி ஓரத்தில் நாலைந்து நரை. கண் மட்டும் பாக்கி இருந்தபோது எழுந்து போய் அடுப்படியிலிருந்து ஒரு துண்டு சூடம் எடுத்து வந்தாள். மாலதி பார்த்தும் பார்க்காதவள் மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா தாயி?"

முனியசாமி மாலையோடு வந்து நின்றார். பின்னால் மாலதியும் வந்தாள். உமா பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

அவர் கிட்டே வந்தார். மகன் உட்கார்ந்திருந்தான். நேற்று சந்தைக்குப் போய்வந்தவன் மாதிரி, வெயிலில் கருத்து, கொஞ்சம் வயதாகி உட்கார்ந்திருந்தான்.

ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்தார். பிறகு வலப்பக்கம். குனிந்து பார்த்தார். பூமயிலின் கண் எங்கே போனாலும் கூடவே வரும். இவன் கண் வரவில்லை.

"எங்கம்மா பாக்குறான்?"

"வாசல, அய்யா."

"என்னையப் பாக்க மாட்டேங்கிறான்." குரல் உடைந்தது. "அன்னைக்கும் இப்படித்தான் போனான். என் மூஞ்சியப் பாக்காமத்தான் போனான்."

"பாத்தா மாலை போட்டுருவீக. அதான் திருப்பி வச்சேன்" என்றாள் உமா. "நான் இதுவரைக்கும் கண்ணத் தெறந்தது எல்லாம் செத்தவுகளுக்கு. அண்ணனுக்கு அப்படித் தெறக்க எனக்குக் கை வரலய்யா. இந்தா இருக்காரு. மாலை போடணும்னா போடுங்க. நான் தடுக்க மாட்டேன்."

முனியசாமி மாலையைத் தூக்கினார். வேறெங்கோ பார்க்கிற ஒருவன் கழுத்தில் மாலை போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. கை தானாக இறங்கியது. சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"நான் கல்லு மனசுக்காரன்னு நெனைக்காத ஆத்தா" என்றார், மாலதியைப் பார்த்து. "உனக்காகத்தான். முப்பத்தேழு வயசு. ஒரு புள்ளகூட இல்ல. ஆடிக்கு ஆடி தனியா ராமேஸ்வரம் போற. எள்ளும் இறைக்க முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. முங்கிட்டு ஈரச்சேலையோட வந்து நிக்கிற. படம் ஏறிருச்சுன்னா ஒரு வருசம் அழுவ. பொறவு நானே ஒரு எடம் பாத்து உன்னைய அனுப்பி வச்சிருவேன். எங்கண்ணு இருக்கிறப்பவே உன்னைய விட்டுறணும்."

"எதுல இருந்து மாமா விடுவீக?" மாலதியின் குரலில் கோபம் இல்லை. "நான் என்ன கட்டுத்தறியில கெடக்கிற மாடா?"

"அப்பிடிச் சொல்லல ஆத்தா."

"நான் இருக்கணும்னு இருக்கேன். போகணும்னா போவேன். அதுக்கு அவுகள சாகடிக்க வேண்டியதில்ல."

அவர் தலை குனிந்துகொண்டார். பிறகு மெல்ல எழுந்து பெரிய அறைக்குப் போனார். ரோஜா மாலையைப் பூமயிலின் படத்துக்குப் போட்டார். இலையைப் பிரித்துச் சந்தனத்தைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். பக்கத்து ஆணியைப் பார்த்தார். பிடுங்கினால் சுவரில் ஓட்டை விழும். அலமாரியின் மேல் உரக்கடையில் கொடுத்த புது வருடக் காலண்டர் சுருட்டியபடியே கிடந்தது. அதை எடுத்து உதறி ஆணியில் மாட்டினார். ஒன்றாம் தேதித் தாளைக் கிழித்தார்.

"தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போறது போறதுதான்" என்றார், சுவரைப் பார்த்தபடியே. "எள்ளு உங்க அம்மாவுக்கு. அவனுக்கும் சேத்து இறைக்கணுமா வேணாமான்னு அக்கினி தீர்த்தத்துல நின்னு முடிவு பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் என்னைய யாரும் ஒண்ணும் கேக்கப்புடாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மிளகாய்க் கொல்லைப் பக்கம் போனார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ரெண்டு எட்டு போய்த் திரும்பி வந்து, குல்லாயை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்.

*

தொழுவத்தில் இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள். உமா தட்டில் காய்ந்துபோகிற நிறத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மாலதி படத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை அணுஅணுவாகப் பார்த்தாள். அழவில்லை. துணிக்கடையில் சேலையின் நெசவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"நரை சரியா இருக்கு" என்றாள்.

"உத்தேசமா வச்சேன் மதினி."

"கன்னம் இன்னுங் கொஞ்சம் ஒட்டணும்."

உமா தூரிகையை எடுத்துக் கன்னத்தில் நிழலைக் கூட்டினாள். "இப்பிடியா?"

"ம். போதும்." மாலதி இன்னும் கிட்டே வந்தாள். "இடது புருவம் முழுசா இருக்கு உமா. அதுல ஒரு வெட்டு வேணும்."

"எங்க? காட்டுங்க" என்று உமா பேச்சுவாக்கில் தூரிகையை நீட்டினாள்.

மாலதி வாங்கிக்கொண்டாள். ஒருநாளும் தூரிகை பிடித்தவள் இல்லை. அடுப்பில் குச்சியால் உமியைத் தள்ளுகிற மாதிரித்தான் பிடித்தாள். ஆனால் கை தடுமாறவில்லை. இடது புருவத்தின் வெளி ஓரத்தில், மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கீழ்நோக்கிச் சாய்வாக ஒரே ஒரு கோடு இழுத்தாள். புருவம் இரண்டாகப் பிரிந்தது. படத்திலிருந்த ஆள் சட்டென்று ஒரு குறிப்பிட்ட ஆளாக மாறினான்.

உமா அந்தக் கோட்டையே பார்த்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், காவல் நிலையத்தில் கொடுத்த காகிதத்தை நிரப்பியது அவள்தான். மற்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் யோசித்து யோசித்து எழுதியது இன்றும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வலது கழுத்தில் மிளகு அளவு மச்சம். இடது முழங்காலில் கலப்பைக் கொழு பட்ட தழும்பு. முகத்தில் அடையாளம் எதுவும் இல்லை.

முகத்தில் எதுவும் இல்லை.

தொழுவத்துக்கு வெளியே ஏதோ ஒரு பறவை ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டது. மாலதி தூரிகையைத் தண்ணீரில் அலசி, சேலைத் தலைப்பில் துடைத்து, வரிசையில் அது இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"மதினி" என்றாள் உமா. "அண்ணன் போகையில அந்தத் தழும்பு இல்ல."

மாலதி எழுந்து போய்த் தொழுவத்தின் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். முனியசாமி போன வழியை எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகம், இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, ஒரு பாரத்தை இறக்கி வைத்தவளின் முகமாக இருந்தது.

"மெதுவாப் பேசு" என்றாள். "மாமா கொல்லைக்குத்தான் போயிருக்காரு."